இரும்புக் குண்டு போடுற ஆள் ஏன் சட்டவேலி ஓடினவ? மெய்வல்லுநர் டீம் போட்டியோட கணக்கு

2023 ஜூன் மாசம் போலந்தில நடந்த ஒரு ஓட்டத்தின்ட வீடியோ இன்னும் வட்ஸ்அப்பில சுத்திக்கொண்டுதான் இருக்கு. பொம்பிளைகளுக்கான 100 மீற்றர் சட்டவேலி. மத்த எல்லாரும் வேலிக்கு மேலால பறந்து போயிட்டாங்க, ஒரு ஆள் மட்டும் ஒவ்வொரு வேலிக்குக் கிட்டவும் வந்து வேகத்தக் குறைச்சு, காலைத் தூக்கி அங்கால வைச்சு, சிரிச்சுக்கொண்டு அடுத்ததுக்குப் போறா. நேரம் 32.81 செக்கன். அதுக்குக் கீழ, இவ எப்பிடி சர்வதேசப் போட்டிக்கு வந்தவ எண்டு நக்கல் பண்றவங்களும் இருக்கிறாங்க, விடாமுயற்சிக்கு உதாரணம் எண்டு கும்பிடுறவங்களும் இருக்கிறாங்க. ரெண்டு கூட்டத்துக்கும் அங்க உண்மையில என்ன நடந்தது எண்டு விளங்கேல்ல. ஓடினவட பேர் ஜோலியன் பூம்க்வோ, பெல்ஜியம் நாட்டுக்காரி, அவட வேலை குண்டு போடுறதும் சம்மட்டி எறியிறதும். சட்டவேலி அவட நிகழ்ச்சியே இல்ல. டீமுக்காக இறங்கினவ.

ஏன் இறங்கவேண்டி வந்தது எண்டு விளங்கோணும் எண்டா ஐரோப்பிய மெய்வல்லுநர் டீம் சம்பியன்ஷிப் எண்ட போட்டியின்ட புள்ளிக் கணக்கு விளங்கோணும். அந்தக் கணக்கு விளங்கினா இன்னொரு குழப்பமும் தீரும், 2023இலயும் 2025இலயும் இத்தாலிதான் அந்தப் போட்டியில முதலாவது, அப்ப அவங்க எத்தின தங்கம் எடுத்தவங்க எண்டு கன பேர் கேக்கிறாங்க, ஆனா அந்தப் போட்டியில அது பெரிய கேள்வியே இல்ல.

முதல்ல அடிப்படை: பதக்கப் பட்டியலும் டீம் புள்ளியும் ஒண்டில்ல

ஒலிம்பிக்கில மெய்வல்லுநர் எண்டுறது தனி ஆள் போட்டி. ஒரு நாட்டில இருந்து ஒரு நிகழ்ச்சிக்கு கூடினது மூண்டு பேர் ஓடலாம், ஒருத்தரும் இல்லாட்டியும் ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. கடைசியில பேப்பரில வாற பதக்கப் பட்டியல் சும்மா கூட்டிப் பாக்கிற ஒரு கணக்கு, அதில முதலாவது வாற நாட்டுக்கு கிண்ணம் ஒண்டும் குடுக்கிறேல்ல. எங்கட மனசிலயும் மெய்வல்லுநர் அப்பிடித்தான் பதிஞ்சிருக்கு, 1948 லண்டன் ஒலிம்பிக்கில 400 மீற்றர் சட்டவேலியில வெள்ளி எடுத்த டங்கன் வைட், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில உயரம் பாய்தலில தங்கம் எடுத்த எதிர்வீரசிங்கம், 2000 சிட்னியில 200 மீற்றர் ஓடின சுசந்திகா, எல்லாமே தனித்தனி ஆக்கள்ட பேர். நாடு எண்டு ஒரு டீமா நிண்டு எத்தினையாவது எண்டு கேட்டா எங்களுக்குச் சொல்லத் தெரியாது, ஏனெண்டா அப்பிடி ஒரு அளவுகோலே எங்களுக்கு இல்ல.

டீம் போட்டியில நிலைமை வேற. ஒவ்வொரு நிகழ்ச்சியிலயும் வாற இடத்துக்கு ஒரு புள்ளி, எல்லாத்தையும் கூட்டினா வாறதுதான் நாட்டின்ட மொத்தம், மொத்தம் கூடின நாடு சம்பியன்.

இது திருகோணமலையில பள்ளிக்கூடம் போன எவருக்கும் புதுசில்ல. வருசத் தொடக்கத்தில இல்லங்களுக்கிடையான விளையாட்டுப் போட்டி நடக்கிற நேரம் மக்கெய்சர் மைதானத்துப் பக்கம் போய்ப் பாத்தா தெரியும், இல்லத்துக்கு ஒரு நிறம், ஒரு பந்தல், மேசைக்குப் பக்கத்தில ஒரு பலகை, அதில ஒவ்வொரு நிகழ்ச்சி முடிய முடிய புள்ளிய அழிச்சு அழிச்சு எழுதுவாங்க, மைக்கில வாசிப்பாங்க, கடைசி அஞ்சலோட்டம் வர முதல் எந்த இல்லத்துக்கு எத்தின புள்ளி வேணும் எண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளையும் மனக்கணக்குப் போட்டு வைச்சிருக்கும். ஐரோப்பிய டீம் சம்பியன்ஷிப் இதேதான், இல்லத்துக்குப் பதிலா நாடு. ஆனா ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. எங்கட பக்கம் கன பள்ளிக்கூடங்களில முதல் மூண்டு இடத்துக்கு மட்டும்தான் பெரிய புள்ளி, அங்க கடைசியா வாறவருக்கும் புள்ளி. இந்தச் சின்ன வித்தியாசம்தான் முழுக் கதையையும் மாத்துது.

2023 போட்டியின்ட விதிகள்

1. முதலாவது பிரிவில 16 நாடு. அதுக்குக் கீழ ரெண்டாவது பிரிவு, மூண்டாவது பிரிவு எண்டு இருக்கு. தனிய ஒரு டீம் கட்ட ஏலாத ஐரோப்பியக் குட்டி நாடுகள், சான் மரீனோ மாதிரி ஆக்கள், சேர்ந்து ஒரே டீமா மூண்டாவது பிரிவில இறங்கிறதும் உண்டு.

2. ஒரு நாட்டுக்கு ஒரு நிகழ்ச்சியில ஒரே ஒரு ஆள். உங்களிட்ட உலகத்திலயே நல்ல நாலு 100 மீற்றர் ஓட்டக்காரர் இருந்தாலும் ஒருத்தர்தான் ஓடலாம், மிச்சப் பேரை அஞ்சலோட்டத்துக்கு வைச்சுக்கொள்ளலாம்.

3. மொத்தம் 37 நிகழ்ச்சி. ஆம்பிளைகளுக்கு 18, பொம்பிளைகளுக்கு 18, ரெண்டு பேரும் சேர்ந்து ஓடுற 4x400 கலப்பு அஞ்சலோட்டம் ஒண்டு. 100 மீற்றரில இருந்து 5000 மீற்றர் வரைக்கும், சட்டவேலி ரெண்டு, ஸ்டீபிள்சேஸ் (தடையும் தண்ணிக் குழியும் தாண்டி ஓடுற 3000 மீற்றர்), 4x100, நாலு பாய்ச்சல், நாலு எறிதல், எல்லாம் இதுக்குள்ள வரும்.

4. முதலாவது வந்தா 16 புள்ளி, ரெண்டாவது 15, இப்பிடியே இறங்கி பதினாறாவது வந்தா 1 புள்ளி. 100 மீற்றருக்கும் அதே 16தான், ஆக்கள் எழும்பிப் போய் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில நடக்கிற சம்மட்டி எறிதலுக்கும் அதே 16தான்.

5. உயரம் பாய்தல், கோலூன்றிப் பாய்தல் மாதிரி நிகழ்ச்சியில ரெண்டு பேர் ஒரே இடத்தில நிண்டா ரெண்டு இடத்தின்ட புள்ளியையும் கூட்டிப் பாதி பாதியாப் பிரிப்பாங்க. முடிவில .5 எண்டு வாறது அதாலதான், எழுத்துப் பிழை இல்ல.

6. எல்லா நிகழ்ச்சிக்கும் ஆள் இறக்கோணும். ஓடத் தொடங்கி முடிக்காம விட்டா அந்த நிகழ்ச்சிக்குப் புள்ளி இல்ல, அவ்வளவுதான். ஆனா ஆளே இறக்காம விட்டா முழு டீமுக்கும் தகுதி பறிபோற நிலைமை வரும்.

7. முதலாவது பிரிவில கடைசி மூண்டு நாடு கீழ இறங்கும், கீழ் பிரிவில முதல் மூண்டு மேல ஏறும். கால்பந்து லீக் பாக்கிறவங்களுக்கு இது பழகின விசயம். இதால சம்பியன் யாரெண்டு முதல் நாளே தெரிஞ்சாலும் கீழ 12ஆவதுக்கும் 15ஆவதுக்கும் நடுவில நடக்கிற சண்டை கடைசி அஞ்சலோட்டம் வரைக்கும் போகும்.

சம்பியன்ட சராசரி இடம் எத்தினையாவது?

2023இல இத்தாலி எடுத்தது 426.5 புள்ளி. போலந்து 402.5, ஜேர்மனி 387.5. இத வெறும் இலக்கமாப் பாத்தா ஒண்டும் விளங்காது, கொஞ்சம் பிரிச்சுப் பாக்கோணும்.

37 நிகழ்ச்சியிலயும் முதலாவது வந்தா கிடைக்கக்கூடிய ஆகக் கூடின புள்ளி 37 தர 16, அதாவது 592. இத்தாலி அதில 426.5. 37ஆல வகுத்தா ஒரு நிகழ்ச்சிக்கு சராசரியா 11.5 புள்ளி. முதலாவது இடத்துக்கு 16 எண்டா 12 புள்ளி வாறது அஞ்சாவது இடத்துக்கு, 11 புள்ளி வாறது ஆறாவது இடத்துக்கு. ஆக ஐரோப்பாவின்ட சம்பியன் நாடு சராசரியா அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவிலதான் வந்திருக்கு.

திரும்ப ஒருக்கா வாசியுங்க, ஏனெண்டா இந்தப் போட்டிய விளங்கிறதுக்கு இதுதான் சாவி. எல்லாத்திலயும் முதலாவது வந்து யாரும் இத வெல்லுறேல்ல. எங்கயும் ஓட்டை விழாமப் பாத்துக்கொள்ற நாடு வெல்லுது.

ஒரு சின்ன உதாரணம் போட்டுப் பாப்பம். நாலே நாலு நிகழ்ச்சி எண்டு வைச்சுக்கொள்ளுங்க. முதலாவது நாட்டுக்கு ரெண்டு பெரிய நட்சத்திரம், ரெண்டிலயும் தங்கம், ஆனா மிச்ச ரெண்டு நிகழ்ச்சிக்கு சரியான ஆள் இல்ல, 14ஆவதும் 15ஆவதும். புள்ளி 16, 16, 3, 2, மொத்தம் 37. ரெண்டாவது நாட்டுக்கு நட்சத்திரம் ஒண்டும் இல்ல, நாலு நிகழ்ச்சியிலயும் நாலாவது. 13 தர 4, மொத்தம் 52. பதக்கப் பட்டியலில முதலாவது நாட்டுக்கு ரெண்டு தங்கம், ரெண்டாவது நாட்டின்ட பேரே இருக்காது. டீம் போட்டியில ரெண்டாவது நாடு 15 புள்ளி முன்னுக்கு நிக்குது. இதையே முதல் மூண்டு இடத்துக்கு 5, 3, 1 எண்டு புள்ளி குடுக்கிற இல்லப் போட்டிக் கணக்கில போட்டா முதலாவதுக்கு 10, ரெண்டாவதுக்குப் பூச்சியம்.

இதில இருந்து பயிற்சிக்காரர் எடுக்கிற பாடம் வேற மாதிரி இருக்கும். ஒரு நாட்டின்ட ஈட்டி எறியிறவர் மூண்டாவது இடத்தில நிக்கிறார், அவரை முதலாவது ஆக்கினா கூட வாறது ரெண்டு புள்ளி, அதுக்கு எத்தின வருச உழைப்பு வேணும் எண்டு யோசிச்சுப் பாருங்க. அதே நாட்டின்ட ஸ்டீபிள்சேஸ் ஓடுறவர் 15ஆவது, அவரை 9ஆவதுக்குக் கொண்டுவந்தா ஆறு புள்ளி. மூண்டிலிருந்து ஒண்டுக்கு ஏறுறத விட 15இல இருந்து 9க்கு ஏறுறது கன சுகம். அதால இந்தப் போட்டிய வெல்லோணும் எண்டு நினைக்கிற நாடு, தன்ட பலவீனமான நிகழ்ச்சியத்தான் முதல்ல போய்ப் பாக்கும். இது எனக்கு இந்த முறையில ஆகப் பிடிச்ச விசயம்.

இப்ப பூம்க்வோ கதைக்கு வருவம்

பெல்ஜியத்துக்கு சட்டவேலி ஓட ரெண்டு பேர் இருந்தாங்க, ஆன் ஸாக்ரே, ஹன்னே க்ளாஸ். ரெண்டு பேருக்கும் காயம், இறங்க ஏலாது. ஆள் இறக்காட்டி டீமே தகுதி இழக்கிற நிலைமை. மற்ற ஓட்டக்காரர் யாரையாவது இறக்கலாமே எண்டு கேக்கலாம். அவங்களுக்கு அவங்கட நிகழ்ச்சி இருக்கு, கால் தடக்கி வேலியில விழுந்தா அந்த நிகழ்ச்சியும் போகும், அஞ்சலோட்டமும் போகும். பூம்க்வோ தன்ட நிகழ்ச்சிய முடிச்சிட்டு இருந்தவ, நான் ஓடுறன் எண்டு வந்தவ.

அந்த ஓட்டத்தக் கொஞ்சம் கிட்ட நிண்டு பாக்கோணும். பொம்பிளைகள் சட்டவேலியின்ட உயரம் கிட்டத்தட்ட 84 சென்ரிமீற்றர், பத்து வேலி, தொடக்கக் கோட்டில இருந்து முதல் வேலிக்கு 13 மீற்றர், பிறகு ஒவ்வொண்டுக்கும் இடையில 8.5 மீற்றர். பழகினவங்க அந்த 8.5 மீற்றரை மூண்டே மூண்டு எட்டில முடிச்சு அதே காலால அடுத்த வேலியத் தாண்டுவாங்க, வருசக்கணக்கா அந்தத் தாளத்தத்தான் பழகுறது. அந்தத் தாளம் இல்லாத ஒருத்தர் முழு வேகத்தில போய் வேலியில கால் அடிச்சா முழங்கால், கணுக்கால், கை எல்லாம் போகும். அதாலதான் அவ ஓடின விதம் அப்பிடி: வேலிக்கு முன்னால வேகத்தக் குறை, ஒரு காலைப் போடு, மத்தக் காலை இழு, கவனமா இறங்கு, திரும்ப ஓடு. பாக்கிறவனுக்கு விளையாட்டு மாதிரித் தெரியும், ஆனா அவவுக்குத் தெரியும் தான் என்ன செய்றன் எண்டு, ஏனெண்டா அவவுக்கு ஓட்டத்த முடிச்சாப் போதும், நேரம் தேவையில்ல, விழாம இருக்கிறதுதான் தேவை. அவ ஓடின ஹீட்டில (ஆக்கள ரெண்டாப் பிரிச்சு ஓடவிட்டதில ஒரு ஓட்டத்தில) முதலாவதா வந்த ஸ்பெயின் நாட்டு தெரேசா எர்ராண்டோனியாவுக்கு 13.22 செக்கன், 19 செக்கனுக்கும் மேல வித்தியாசம். முடிச்சதும் மத்த ஓட்டக்காரிகள் வந்து கை குடுத்து வாழ்த்தினாங்க, அவங்களுக்கு விளங்கியிருக்கு.

அந்த ஓட்டத்தால பெல்ஜியத்துக்குக் கிடைச்சது ரெண்டு புள்ளி. பெரிசா ஒண்டும் இல்ல எண்டு தோணும், ஆனா மத்த 36 நிகழ்ச்சியிலயும் அந்த டீம் சேர்த்த புள்ளி செல்லுபடியாகிறதுக்கு அந்த 32.81 செக்கன்தான் காவல் நிண்டது. அப்பிடியிருந்தும் பெல்ஜியம் அந்த வருசம் ரெண்டாவது பிரிவுக்கு இறங்கிற்று. அதால அவ செய்தது வீண் எண்டு சொல்றவங்களோட எனக்கு ஒத்துக்கொள்ள ஏலாது. இறங்கிறது எண்டுறது டீம் முழுக்கச் சேர்ந்து ஓடி, எறிஞ்சு, பாய்ஞ்சு, கணக்கில தோக்கிறது. ஆள் இல்லாததால பெயர் வெட்டுப்படுறது வேற.

பாக்கிறவங்களக் குழப்புற இன்னும் மூண்டு விசயம்

1. ஹீட்டில வெல்லுறவர் நிகழ்ச்சிய வென்றவர் இல்ல. ஸ்டேடியத்தில எட்டு லேன், நாடு 16. அதால லேனில ஓடுற நிகழ்ச்சியெல்லாம் ரெண்டு ஓட்டமா நடக்கும், ரெண்டு ஓட்டத்தின்ட நேரத்தையும் சேர்த்து ஒரே பட்டியலாப் போட்டுத்தான் 16, 15, 14 எண்டு புள்ளி. ஒரு ஓட்டத்துக்கு முதுகுக்குப் பின்னால காத்து, அடுத்ததுக்கு முகத்துக்கு நேர காத்து எண்டா அது ஞாயமில்லத்தான். செக்கனுக்கு 2 மீற்றருக்கு மேல பின்காத்து இருந்தா சாதனை கணக்கில வராது, ஆனா இடமும் புள்ளியும் அப்பிடியே நிக்கும். இது இந்த முறையின்ட ஒரு பலவீனம், மறைக்கத் தேவையில்ல.

2. நீள ஓட்டம் மெதுவாப் போகும். 1500, 5000 மீற்றரில ஓடுறவர் தன்ட நல்ல நேரத்தத் தேடி வரேல்ல, இடத்தத் தேடி வந்தவர். முன்னுக்குப் போய் காத்தை வாங்கினா பின்னால வாறவனுக்குத்தான் லாபம், அதால எல்லாரும் ஒண்டா ஒட்டிக்கொண்டு வந்து கடைசி ரவுண்டில பாயுறது. நேரம் மோசமா இருக்கே எண்டு பாத்திட்டு தரம் குறைஞ்ச போட்டி எண்டு சொல்லாதீங்க.

3. எல்லா டீம் போட்டியும் ஒரே கணக்கில்ல. உலக நாடுகடந்த ஓட்டத்தில, அதாவது குறொஸ் கன்ட்ரியில, ஆக்கள் வந்த இடத்தையே புள்ளியாக் கூட்டுவாங்க, அங்க குறைஞ்ச மொத்தம்தான் வெற்றி. உலக மெய்வல்லுநர் சம்பியன்ஷிப்பில முதல் எட்டு இடத்துக்கு 8இல இருந்து 1 வரைக்கும் புள்ளி போட்டு ஒரு பட்டியல் வெளியிடுவாங்க, அது ஒரு ஒப்பீட்டுக்குத்தான், கிண்ணம் இல்ல.

எங்க தொடங்கினது

புரூனோ ஸாவுலி எண்ட இத்தாலிக்காரர், அப்ப ஐரோப்பிய மெய்வல்லுநர் குழுவுக்குத் தலைவரா இருந்தவர், அவர் போட்ட யோசனை இது. 1963இல செத்துப்போனார், தான் யோசிச்சதக் கண்ணால காணேல்ல. 1965இல ஐரோப்பியக் கிண்ணம் எண்ட பேரில முதல் போட்டி, ஆம்பிளைகள்ட இறுதி ஸ்டுட்கார்ட்டில. சோவியத் யூனியன் 86, மேற்கு ஜேர்மனி 85. முதல் தரமே ஒரு புள்ளியில முடிவு! பனிப்போர் காலத்தில அந்த ஒரு புள்ளிக்கு எவ்வளவு பெறுமதி இருந்திருக்கும் எண்டு சொல்லத் தேவையில்ல.

1977இல டுசெல்டோர்பில உலகக் கிண்ணம் தொடங்கினது. அதில கண்டங்கள் டீமா வரும், கூட அமெரிக்கா, கிழக்கு ஜேர்மனி மாதிரி பலமான நாடுகளும் தனியா வரும். 1985இல கன்பராவில நடந்த உலகக் கிண்ணத்திலதான் கிழக்கு ஜேர்மனியின்ட மரீட்டா கொச் 400 மீற்றரை 47.60 செக்கனில ஓடினவ, அது இண்டைக்கும் உலக சாதனை. 2025 டோக்கியோவில சிட்னி மெக்லாஃப்லின் 47.78 ஓடி கிட்ட வந்தவ, தொடேல்ல. கிழக்கு ஜேர்மனி அரசாங்கமே ஊக்கமருந்துத் திட்டம் நடத்தினது பெர்லின் சுவர் விழுந்தாப் பிறகு ஆவணங்களோட வெளிய வந்திச்சு, கொச் ஒரு சோதனையிலயும் அகப்படேல்ல, சாதனை புத்தகத்தில நிக்குது. அந்தக் காலத்து டீம் வெற்றிகளப் பேசேக்க இதையும் சேர்த்துத்தான் பேசோணும். நாட்டுக்குப் புள்ளி எண்டு வந்தா ஆக்கள்ட உடம்போட விளையாடின அரசாங்கங்களும் இருந்திருக்கு.

2010இல உலகக் கிண்ணத்துக்கு கண்டங்கள் கிண்ணம் எண்டு பேர் மாறினது, ஆபிரிக்கா, அமெரிக்காக்கள், ஐரோப்பா, ஆசிய பசிபிக் எண்டு நாலு டீம். 2018இல ஒஸ்ட்ராவாவில நீரஜ் சோப்ரா ஆசிய பசிபிக் டீமில ஈட்டி எறிஞ்சவர். அதுக்குப் பிறகு அந்தப் போட்டி நடக்கேல்ல. காரணம் எனக்கு விளங்கின மட்டில இதுதான்: கண்டம் எண்டுறதுக்காக ஒருத்தரும் தொண்டை கிழியக் கத்துறேல்ல, நாட்டுக்காகக் கத்துவாங்க.

ஐரோப்பாவில 2009இல ஒரு பெரிய மாற்றம். அதுவரைக்கும் ஆம்பிளைகள்ட புள்ளி வேற, பொம்பிளைகள்ட புள்ளி வேற, கிண்ணமும் ரெண்டு. 2009இல போர்த்துக்கல்லில லெய்ரியா எண்ட இடத்தில டீம் சம்பியன்ஷிப் எண்ட புதுப் பேரோட ரெண்டையும் ஒண்டாக் கூட்டத் தொடங்கினாங்க. அண்டையில இருந்து பொம்பிளைகள்ட விளையாட்டைக் கவனிக்காத நாடு வெல்லவே ஏலாது, பாதிப் புள்ளி அங்க கிடக்கு. விதி ஒண்ட மாத்தினதால பணம் போற திசை மாறினது எண்டா இதைத்தான் சொல்லோணும்.

நடுவில சோதனைகளும் செய்தவங்க. 2019 மின்ஸ்க் ஐரோப்பிய விளையாட்டில நிகழ்ச்சியளக் குறைச்சு, கடைசியில ஒரு துரத்தல் அஞ்சலோட்டம் (புள்ளி கூடின டீம் முதல்ல தொடங்க, மத்தவங்க பின்னால துரத்துறது) வைச்சு புது வடிவம் ஒண்டு போட்டாங்க, உக்ரேன் வென்றது. பிறகு பழைய முறைக்கே திரும்பிற்றாங்க.

எங்கட டீம் பலம் எங்க இருக்கு

ஆசியாவில இப்பிடி நாட்டுக்கு நாடு மோதுற முழு டீம் போட்டி இல்ல. எங்களுக்கு டீமா நிக்கக் கிடைக்கிறது அஞ்சலோட்டம்தான். அதில இலங்கை சும்மா இல்ல. 2023 ஜூலையில பாங்கொக்கில நடந்த ஆசிய சம்பியன்ஷிப்பில ஆம்பிளைகள் 4x400இல 3 நிமிசம் 1.56 செக்கன் ஓடி இந்தியாவ முந்தி தங்கம். அதே வருசம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில ஆம்பிளைகளுக்கும் பொம்பிளைகளுக்கும் 4x400இல வெண்கலம். கலப்பு அஞ்சலோட்டத்தில இலங்கை ரெண்டாவதா வந்து முடிச்சது, ஆனா லேன் மீறல் எண்டு தகுதி நீக்கம், வெள்ளி இந்தியாவுக்குப் போயிட்டுது.

அது ஏன் அவ்வளவு கடுமை எண்டு கோவப்பட்டவங்க கன பேர். 4x400இல முதல் ஆள் முழு ரவுண்டும் தன்ட லேனிலதான் ஓடோணும், ரெண்டாவது ஆள் முதல் வளைவு முடியும் வரைக்கும் லேனுக்குள்ள, அதுக்குப் பிறகுதான் உள்ளுக்கு வரலாம். வளைவில உள்பக்கக் கோட்டை மிதிச்சா ஓடுற தூரம் குறையும், அதால ஒருத்தர் செய்தாலும் நாலு பேருக்கும் போகும். ஊக்கமருந்திலயும் இதே விதிதான், 2008 பெய்ஜிங்கில ஜமைக்கா எடுத்த 4x100 தங்கம் நெஸ்டா கார்ட்டர் ஒருத்தரால 2017இல பறிபோனது, உசைன் போல்ட்டும் தன்ட பதக்கத்தத் திருப்பிக் குடுக்கவேண்டி வந்தது. டீம் எண்டா புள்ளி மட்டுமில்ல, பிழையும் பங்குதான்.

இலங்கை 37 நிகழ்ச்சிக்கும் ஆள் இறக்கோணும் எண்டு வந்தா?

இத ஒரு கணக்காப் போட்டுப் பாக்கிறது பிரயோசனம். 400 மீற்றரில ஆள் இருக்கு, அஞ்சலோட்டத்தில ஆள் இருக்கு, ஈட்டியில ருமேஷ் தரங்க உலக இறுதி வரைக்கும் போனவர், பொம்பிளைகள் 800இல தருஷி கருணாரத்ன ஹாங்சோவில தங்கம் எடுத்தவ. சம்மட்டி எறிதல், தட்டெறிதல் எண்டு வந்தா பேர் சொல்ல யோசிக்கோணும். ஓட்டை அங்கதான்.

கோலூன்றிப் பாய்தலைப் பாருங்க. இந்த நாட்டில அதில மாறி மாறி தேசிய சாதனை வைச்சவங்க வடக்குப் பிள்ளைகள், அனித்தா ஜெகதீஸ்வரன், அருந்தவராசா புவிதரன். தலைநகரத்தில இருந்து தூரமான இடத்தில, ஒரு சில பள்ளிக்கூடமும் பயிற்றுவிப்பாளரும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சிய விடாமப் பிடிச்சதால வந்தது அது. 100 மீற்றரில நாடு முழுக்கப் போட்டி, அதில ஒரு இடம் மேல ஏற ஆயிரம் பேரைத் தாண்டோணும். கோலூன்றிப் பாய்தலில அப்பிடி இல்ல. டீம் கணக்கில ரெண்டுக்கும் ஒரே பெறுமதி.

எங்கட கிழக்கு மாகாணத்துக்கு இதைப் பொருத்திப் பாப்பம். ஒம்பது மாகாணம், முதலாவதுக்கு 9, கடைசிக்கு 1, ஆள் இல்லாட்டிப் பூச்சியம் எண்டு ஒரு மாகாண டீம் போட்டி வைச்சா, முதல்ல வாற புள்ளி எங்க கிடக்கு? குறுந்தூர ஓட்டத்தில இல்ல. சம்மட்டியில, கோலூன்றிப் பாய்தலில, ஸ்டீபிள்சேஸில, வேகநடைப் போட்டியில. மத்த மாகாணங்களுக்கும் அங்க ஆள் குறைவு. நடுத்தரமான ஒரு பிள்ளை ரெண்டு வருசம் ஒழுங்காப் பழகினா நாலாவதோ அஞ்சாவதோ வரலாம், அஞ்சு ஆறு புள்ளி.

ஆனா அதுக்கு வேண்டிய சாமான் வேற. சம்மட்டி ஆம்பிளைகளுக்கு 7.26 கிலோ, பொம்பிளைகளுக்கு 4 கிலோ, கம்பியில கட்டின இரும்புக் குண்டு, கை தவறினா எந்தப் பக்கம் போகும் எண்டு சொல்ல ஏலாது, அதால சுத்தி வலைக் கூடு இல்லாம பிள்ளைகள எறியவிடக் கூடாது. கோலூன்றிப் பாய்தலுக்கு பெரிய மெத்தை வேணும், மண்ணில விழுந்து பழக ஏலாது. கோலும் ஒண்டு வாங்கினா முடியிற விசயமில்ல, ஒவ்வொரு கோலும் இவ்வளவு நிறையுள்ள ஆளைத்தான் தாங்கும் எண்டு அளவு போட்டு வரும், 45 கிலோ பிள்ளைக்குச் சரியானது 65 கிலோ பிள்ளைக்கு ஆபத்து, பிள்ளை வளர வளர அடுத்த கோல் வேணும். ஒரு பள்ளிக்கூடம் தனிய இந்தச் செலவைத் தாங்காது.

அதால திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மூண்டு மாவட்டத்துக்கும் பொதுவா ஒரு மைதானத்தில ஒரு வலைக் கூடு, ஒரு மெத்தை, அளவு அளவா ஒரு தொகுதி கோல், இதுகளத் தெரிஞ்ச ஒரு பயிற்றுவிப்பாளர், பள்ளி விடுமுறையில பிள்ளைகள் வந்து தங்க ஒரு இடம் வேணும். வலய மட்டத்தில நாலாவது அஞ்சாவதா வந்து வீட்ட போற ஓட்டக்காரப் பிள்ளைகள அங்க கூட்டிக்கொண்டு போய் ஒருக்கா கோலைப் பிடிச்சுப் பாக்கச் சொல்லோணும்.